நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று நிறுத்தினேன்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும். அன்று என் மகளுக்குப் பென்சிலின் ஊசி. போன சனிக்கிழமை போட்டது 80ஆவது. அவளுக்கு இப்போது 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது, பார்க்கிறவர்கள் நல்ல ஆரோக்கியமான பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் ஊசி உண்டு. ஏற்கெனவே ஒரு முறை வந்துவிட்டுப் போன, இதயத்தைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்ற நோய் திரும்ப வராமல் காக்கும் ஊசி இது. நோய் இல்லாத நாளிலும் மருந்து வேண்டும் என்பது எனக்கு 2019இலேயே சரியாகப் புரிந்திருந்தால் என் பிள்ளையின் இதயம் இன்று வேறு நிலையில் இருந்திருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் கத்தாரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் அத்தையும் மகளும்தான். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். 2019 ஜூலையில் மகள் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது தொண்டை வலி என்றாள். எச்சில் முழுங்க முடியவில்லை, காய்ச்சல் அடித்தது. இருமல், மூக்கு ஒழுகல் ஒன்றும் இல்லை. முந்தைய காய்ச்சலுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் மாத்திரை டப்பாவில் கிடந்தது. அதை 2 நாள் கொடுத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலையில் வலது முட்டி வீங்கி, தொட்டால் சுடுகிறது. விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். அத்தை நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினார். இரண்டு நாளில் முட்டி சரியாகி இடது கணுக்கால் வீங்கியது. அது வடிந்ததும் மணிக்கட்டு. வலி இப்படி இடம் மாறி இடம் மாறிப் போனதுதான் முக்கியமான அறிகுறி என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. முதலில் எலும்பு வைத்தியசாலையில் கட்டுப் போட்டோம். பிறகு ஓர் எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன். வளரும் பிள்ளைக்கு வருகிற வலிதான் என்றார்கள். ஐந்து வாரத்தில் 23,000 ரூபாய் போயிருந்தது. இதற்குள் அவள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டாள். இரத்தம் கம்மி என்று நினைத்து முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

கடைசியில் கண்டுபிடித்தவர் மதுரையில் வயதான ஒரு குழந்தைகள் நல டாக்டர். நான் கொண்டுபோன ஸ்கேன் பையை அவர் பிரிக்கவே இல்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு, "ரெண்டு மாசத்துக்குள்ள தொண்டை வலி, காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்றார். முட்டி வலிக்காக வந்தால் தொண்டையைக் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். இரத்தத்தில் ஏஎஸ்ஓ, ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற டெஸ்ட்கள், அப்புறம் ஈசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எல்லாம் எடுக்கச் சொன்னார். ருமாட்டிக் காய்ச்சல் என்று வந்தது. இதயத்தில் மைட்ரல் வால்வு என்ற கதவில் லேசான கசிவு.

அந்த நோயைப் பற்றி எனக்குப் பிற்பாடு புரிந்தபடி சொல்கிறேன். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு கிருமி வரும். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். நம் உடம்பு அந்தக் கிருமியை எதிர்க்க ஆயுதம் தயாரிக்கிறது. கிருமியின் மேல் உள்ள சில பொருள்களும் நம் இதய வால்வின் சதையும் ஒரே சாயலில் இருப்பதால், சில பிள்ளைகளுக்கு ஆள் மாறாட்டம் நடந்து, அந்த ஆயுதம் சொந்த மூட்டையும் இதயத்தையும் தாக்கிவிடுகிறது. தொண்டை சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இது நடக்கும். மூட்டு வீக்கம் தடம் இல்லாமல் போய்விடும், வால்வில் விழுந்த காயம் தங்கிவிடும். தொண்டை வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக்கை ஆரம்பித்து 10 நாளும் முழுசாகக் கொடுத்திருந்தால் இதைத் தடுத்திருக்க முடியும். நான் டப்பாவில் கிடந்த மாத்திரையை இரண்டு நாள் கொடுத்தேன். எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை, பெரும்பாலானவை வைரஸால் வருகிறவை, தானாகப் போய்விடும். ஆனால் பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு தொண்டை வலித்து, இருமலும் சளியும் இல்லாமல், கழுத்தில் நெறி கட்டியிருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் ஒரு முறை வாயைத் திறந்து காட்டிவிடுங்கள்.

ஒருமுறை இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அதே கிருமி மறுபடி தொண்டையில் வந்தால் மறுபடி இதயம் தாக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெடும். அதனால் கிருமி தொண்டையில் ஒட்டவே விடாமல் இரத்தத்தில் எந்நேரமும் கொஞ்சம் பென்சிலின் இருக்க வேண்டும். அதற்குத்தான் பென்சத்தின் பென்சிலின் என்ற ஊசி. 27 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 12 லட்சம் யூனிட், அதற்குக் கீழே என்றால் பாதி. அன்று டாக்டர் என்னிடம் சொன்னது இதில் ஒரு வரிதான். "மூணு வாரத்துக்கு ஒரு தடவை இதைப் போட்டுட்டே வாங்கம்மா, ரொம்ப வருஷம் போடணும்." வெளியே 40 பேர் காத்திருந்தார்கள். நானும் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எத்தனை வருஷம், ஒரு ஊசி தவறினால் என்ன ஆகும், யார் போடுவார்கள், எங்கே கிடைக்கும் என்ற நான்கையும் சீட்டில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

முதல் ஊசியை நான் மறக்கவே மாட்டேன். முன்கையில் டெஸ்ட் போட்டு, அரைமணி நேரம் பார்த்துவிட்டு, இடுப்பில் போட்டார்கள். பெரிய ஊசி. மருந்து பால் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். சன்ன ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் தடிமனான ஊசிதான் போட வேண்டும். அவள் கத்திய கத்தலில் நான் வெளியே ஓடி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் காலை இழுத்து இழுத்து நடந்தாள். ராத்திரி, "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். 10 வயதுப் பிள்ளை.

அடுத்த ஊசிக்கு ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று மூன்று கிளினிக்குக்குப் போனேன். பென்சிலின் என்றதும் மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள். "ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். அலர்ஜி வந்தால் நிமிடத்தில் உயிருக்கு ஆபத்து என்பதால் அவர்களுக்குப் பயம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் மறுப்பதால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் வருத்தம். ஆக, ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது மருந்துப் புட்டி 50 ரூபாய்கூட வராது. பஸ், சாப்பாடு, டாக்டர் ஃபீஸ், நான் தைக்காமல் விட்ட ஒரு நாள் கூலி என்று சேர்த்தால் 1,200 ரூபாய் ஆகிவிடும். மூன்று வாரம் நான்கு வாரமாயிற்று. ஞாபகத்துக்குச் சுலபம் என்று மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டேன். மாதம் ஒன்று போட்டால் போதாதா என்று நானாக முடிவு செய்தேன். செப்டம்பரிலிருந்து மார்ச்சுக்குள் 7 ஊசிதான் போட்டிருந்தோம்.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு. பஸ் இல்லை. ஏப்ரல் ஊசி தவறியது, மே ஊசி தவறியது. பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். எடை கூடி, முகம் தெளிந்து, முற்றத்தில் ஸ்கிப்பிங் ஆடினாள். அத்தை, "நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்குக் குத்திக் குத்திப் புண்ணாக்குற?" என்றார். அவர் பாசத்தில் சொன்னார். அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஆன்டிபயாடிக் பற்றி ஒரு செய்தி சுற்றியது. அடிக்கடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும், தேவையில்லாமல் கொடுக்காதீர்கள் என்று. அதில் எழுதியிருந்தது உண்மைதான். அந்த உண்மையை நான் தப்பான இடத்தில் பொருத்திவிட்டேன். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் என்றால் அதைவிடத் தேவையில்லாதது எது என்று தோன்றியது. போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் நாங்கள் போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஊசிக்குப் பயந்து பிள்ளை ராத்திரி அழாமல் தூங்கியதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

2021 தைப் பொங்கலுக்கு நாத்தனார் பிள்ளைகள், கொழுந்தனார் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பொங்கல் முடிந்து நாலைந்து பிள்ளைகளுக்கு வரிசையாகத் தொண்டை வலி. அப்போது தொண்டை வலி என்றாலே கொரோனா பயம்தானே. மகளுக்கு டெஸ்ட் எடுத்தோம். நெகட்டிவ் என்று வந்ததும் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் அந்தத் தொண்டை வலி என்ன என்று கேட்கவே மறந்துபோனேன்.

பிப்ரவரி நடுவில் ஒரு ராத்திரி, "அம்மா, படுத்தா மூச்சு முட்டுது" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தலையணையை அடுக்கிச் சாய்த்து வைத்தேன். விடியும்வரை அப்படியே இருந்தாள், நெஞ்சு துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. கார் பிடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஐசியூ. மூன்று நாளில் 86,000 ரூபாய். என் சங்கிலியும் அத்தையின் வளையலும் அடகுக் கடைக்குப் போயின. நான்காம் நாள் பணம் முடிந்து, அரசு மருத்துவமனைக்கு மாற்றினேன். அங்கே 14 நாள் இருந்தோம், ஒரு பைசா கேட்கவில்லை. ஆரம்பத்திலேயே அங்கே போயிருக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நடுராத்திரியில் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது தனி ஒருத்திக்கு அதெல்லாம் தோன்றாது. எக்கோவில் லேசாக இருந்த கசிவு நடுத்தர அளவுக்குப் போயிருந்தது.

அங்கே இளவயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஒரு ராத்திரி டியூட்டியில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ஊசி போட்ட இடத்திலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும், மூன்றாவது வாரம் முடியும்போது அளவு ரொம்ப இறங்கிவிடும், நாலாவது வாரம் பல பிள்ளைகளுக்குக் காவல் இருக்காது. "நீங்க மாசம் ஒண்ணு போட்டப்பவே வாசலைத் திறந்துதான்மா வெச்சிருந்தீங்க" என்றார். நான் வாட்ஸ்அப் செய்தியைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொறுமையாகச் சொன்னார். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் சாப்பிடுவது வீண், அது கெடுதல்தான். ஆனால் இன்ன ஆளுக்கு, இன்ன கிருமியால், இவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்திருக்கும்போது, அந்தக் கிருமிக்கு மட்டும் குறி வைத்த மருந்தை முன்கூட்டியே கொடுப்பது வேறு விஷயம். ஆபரேஷனுக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போடுவார்களே, அதுவும் இந்த வகைதான், அங்கே அந்த ஒரு வேளையே பெரும்பாலும் போதும், இங்கே வருடக்கணக்கில் வேண்டும் என்றார். பென்சிலினுக்கு இந்தக் கிருமி பழகிவிடுமே என்று கேட்டேன். 1950களிலிருந்து இந்த ஊசி போடப்படுகிறது, இன்றைக்கும் இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பென்சிலின்தான் முதல் மருந்து என்றார். இந்தப் பத்து நிமிடப் பேச்சு எனக்கு 2019இல் கிடைத்திருக்கக் கூடாதா என்று அன்று அந்த வார்டில் உட்கார்ந்து அழுதேன்.

எவ்வளவு காலம் என்பதையும் அவர்தான் தெளிவாகச் சொன்னார். இதயத்தைத் தொடாத ருமாட்டிக் காய்ச்சல் என்றால் குறைந்தது 5 வருடம் அல்லது 18 முதல் 21 வயது வரை. இதயத்தைத் தொட்டு, வால்வு சரியாகிவிட்டால் 10 வருடம் அல்லது 21 முதல் 25 வயது வரை. வால்வில் பாதிப்பு தங்கிவிட்டால் 10 வருடம் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. இதில் எது பிந்தி வருகிறதோ அதுதான் கணக்கு. முதல் தடவை வந்த லேசான கசிவு ஒழுங்காக ஊசி போட்டு வந்தால் பல பிள்ளைகளுக்குக் காலப்போக்கில் மறைந்தே போகுமாம். எங்களுக்கு 25 வயதில் முடிந்திருக்கக் கூடியது இப்போது 40 வரை. 15 வருடம் கூடுதல். வருடத்துக்கு 17 ஊசி என்றால் 250க்கும் மேல். பத்து மாதம் அவளை வலியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து நான் அவள் தலையில் ஏற்றி வைத்த கணக்கு இது.

இந்த 80 ஊசியில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் தேதி. 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம், அதனால் ஒரே கிழமையில்தான் வரும். எங்களுக்குச் சனிக்கிழமை. மாதத் தேதியை மனதில் வைத்தால் தப்பும், கிழமையை வைத்தால் தப்பாது. வருட ஆரம்பத்திலேயே காலண்டர் முழுக்க வட்டம் போட்டுவிடுங்கள். கல்யாணம், திருவிழா, பரீட்சை குறுக்கே வந்தால் ஒன்றிரண்டு நாள் முன்னால் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். ஒரு சின்ன நோட்டில் ஊசி எண், தேதி, எந்தப் பக்கம், யார் போட்டது என்று எழுதி வருகிறோம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்த நோட்டைத்தான் நீட்டுகிறேன். நோட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துச் சீட்டும் கையில் இருந்தபோதுதான் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே போட ஒப்புக்கொண்டார்கள். முன்பு மறுத்த இடங்களுக்கு நான் வெறும் வாயால் கேட்டுப் போயிருந்தேன்.

அடுத்தது மருந்தின் பெயர். இதை ரொம்பக் கவனமாகப் படியுங்கள். 2022இல் ஒரு மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு போனேன். சிஸ்டர் தண்ணீர் கலந்து குலுக்கியதும் நின்றுவிட்டார். "எப்பவும் பால் மாதிரி இருக்கும், இது தண்ணி மாதிரி தெளிவா இருக்கே" என்றார். பார்த்தால் அது பென்சைல் பென்சிலின், 10 லட்சம் யூனிட். எங்களுக்கு வேண்டியது பென்சத்தின் பென்சிலின், 12 லட்சம். பெயர் ஒரே மாதிரி, வேலை வேறு. அந்த மருந்து சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அதைப் போட்டுவிட்டு மூன்று வாரம் காவல் இருக்கிறது என்று நம்பியிருப்போம். அன்றிலிருந்து பழைய புட்டியின் லேபிளைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், புதுப் புட்டியை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுப்பேன். இன்னொன்று, இந்த வெள்ளை மருந்து சதையில் மட்டும்தான் போக வேண்டும், இரத்தக் குழாயில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. புதுசாக யாராவது போடும்போது இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

மருந்து சில சமயம் கடைகளில் கிடைக்காமல் போகும். 2023இல் ஒரு முறை மதுரையில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். அப்போது டாக்டர் பென்சிலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினமும் காலை மாலை இரண்டு வேளை. இரண்டு மாதம் அதில் ஓட்டினோம். பிள்ளைக்கு வலி இல்லை, ஆனால் நோய் இல்லாத பிள்ளைக்குத் தினம் இரண்டு வேளை மாத்திரை ஞாபகம் வைத்துக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ணிப் பார்த்தால் 11 வேளை விட்டுப்போயிருந்தது. மாத்திரையைவிட ஊசிதான் உறுதியான காவல் என்று டாக்டர்கள் சொல்வது இதனாலும்தான். இப்போது தேதிக்கு 10 நாள் முன்னதாகவே புட்டியை வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுகிறேன். பென்சிலின் அலர்ஜி நிஜமாகவே உள்ள பிள்ளைகளுக்கு எரித்ரோமைசின் மாதிரி வேறு மாத்திரை உண்டு, அவர்களும் காவல் இல்லாமல் இருக்க வேண்டியதில்லை.

வலியைக் குறைக்க எங்களுக்குப் பலித்தவை சில. புட்டி அறைச் சூட்டில் இருக்க வேண்டும். ஸ்பிரிட் தடவியது காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். குத்துவதற்கு முன் அந்த இடத்தைக் கட்டை விரலால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் வலி தெரிவது குறைகிறது. மருந்தை அவசரமாகத் தள்ளாமல் இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வேண்டும். ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது. மருந்தோடு மரத்துப்போகும் மருந்து சேர்த்துப் போடுவதும் உண்டு, அது முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். போட்ட பிறகு படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடந்தால் கட்டிப்போகாமல் இருக்கிறது. அப்புறம் முக்கியமாக, வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதீர்கள். சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, படுத்த நிலையில்தான் போட வேண்டும். ஊசி போட்டதும் சிலர் சரிந்து விழுவது எல்லாமே அலர்ஜி இல்லை, பயத்திலும் வலியிலும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் உண்டு. வால்வு கடுமையாகக் கெட்டவர்களுக்கு அந்த இறக்கமே ஆபத்தாகலாம், அப்படிப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுப்பது நல்லது என்று 2022இல் அமெரிக்க இதயச் சங்கம் சொல்லியிருக்கிறது. அதனால் எக்கோவில் கடுமையான பாதிப்பு என்று இருந்தால் இதய டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் மருந்து கையில் இருக்கிற இடத்தில் மட்டும் போடுங்கள், போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். 80ஆவது தடவை என்றாலும் உட்காருங்கள்.

பல் விஷயம் ஒன்று. போன வருடம் அவளுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டி வந்தது. ஊசிதான் போடுகிறோமே, அது போதும் என்று நான் நினைத்தேன். பல் டாக்டர் இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. பல் எடுக்கும்போது வாயில் உள்ள வேறு கிருமிகள் இரத்தத்தில் கலந்து கெட்ட வால்வில் போய் உட்காரலாம். அதைத் தடுக்கப் பல் எடுப்பதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரே ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பது தனி ஏற்பாடு. செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே வால்வில் கிருமித் தொற்று வந்தவர்கள் போன்றவர்களுக்குத்தான் அது கட்டாயம். மற்றவர்களுக்கு வேண்டுமா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூன்று வார ஊசி போடுகிறவர்களுக்குக் கொடுப்பதானால் பென்சிலின் வகை அல்லாத மருந்தாகக் கொடுப்பார்கள், வாயில் இருக்கும் கிருமிகளுக்குப் பென்சிலின் பழகியிருக்கும். எதுவாக இருந்தாலும் பல்லைச் சுத்தமாக வைத்திருப்பதே முதல் காவல் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் வேறு யாருக்குத் தொண்டை வலி வந்தாலும் இப்போது நான் விடுவதில்லை. டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவேன், அவர் மாத்திரை எழுதினால் கடைசி நாள்வரை விழுங்க வைப்பேன். அத்தைக்கே முதலில் நான்தான் எண்ணிக் கொடுத்தேன். இப்போது அவரே காலண்டரைப் பார்த்து, "நாளைக்குச் சனிக்கிழமை, பிள்ளைக்குக் காலையில இட்லி ஊத்தணும்" என்று ஞாபகப்படுத்துகிறார்.

பணம் போனதை, நகை போனதை ஆற்றிக்கொண்டேன். ஆற முடியாதது வேறு. உறவில் சிலர், "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்கணும்" என்கிறார்கள். ஒரு வருடம் நானும் மறைத்தேன். பள்ளியில்கூடச் சொல்லவில்லை. அதனால் சனிக்கிழமை ஊசி போட்ட திங்கட்கிழமை பி.டி. வகுப்பில் ஓட முடியாமல் நின்று திட்டு வாங்கினாள். அப்புறம்தான் நேரில் போய் வகுப்பு ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. மறைத்தால் ஊசி தவறும். பெண் பிள்ளை என்றால் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். பிற்காலத்தில் கர்ப்பம் என்றால் இதயத்துக்கு வேலை கூடும், அதனால் முன்னதாகவே இதய டாக்டரிடம் காட்டித் திட்டமிட வேண்டும், ஊசியைக் கர்ப்பத்திலும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு, இந்த நோயை மறைக்கச் சொல்கிற வீட்டுக்கு என் மகளைக் கொடுக்க மாட்டேன் என்று அவள் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

போன தடவை ஆறு மாத எக்கோவில் கசிவு கூடவில்லை, அப்படியே நிற்கிறது. ஊசி நோட்டை இப்போது அவளே எழுதுகிறாள். புது சிஸ்டர் யாராவது வந்தால், "அக்கா, பென்சத்தின் தானேன்னு பாத்துக்கோங்க, மெதுவா தள்ளுங்க, போன தடவை வலது பக்கம்" என்று அவளே சொல்லிவிட்டுக் குப்புறப் படுக்கிறாள். காலேஜுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும் என்று ஆசை. ஹாஸ்டல் பக்கத்தில் ஊசி போடுகிற இடம் எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். 81ஆவது ஊசிக்கு இன்னும் 16 நாள் இருக்கிறது. புட்டி இன்னும் வாங்கவில்லை, அடுத்த புதன்கிழமை வாங்க வேண்டும்.